பகுதிப் பல்செட் வலியும் பல் தேய்மானமும்: எந்த வழியை, எந்த வரிசையில் தேர்வது?

கீழ்த்தாடையின் இருபுறமும் கடைவாய்ப்பற்களை இழந்து, கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட் அணிபவர்களுக்குச் சில ஆண்டுகளில் இரண்டு தொல்லைகள் அடுத்தடுத்து வந்து சேர்வதுண்டு. செட்டின் அடியில் ஈறு ஓரிடத்தில் புண்ணாகி, மெல்லும்போதெல்லாம் குத்துகிறது. அதே காலத்தில், செட்டோடு சம்பந்தமே இல்லாதவைபோல் முன்னே நிற்கும் சொந்தப் பற்கள் விளிம்பு தட்டையாகி, குட்டையாகி, குளிர்ந்த நீர் பட்டாலே கூசத் தொடங்குகின்றன. எனக்கு வயது 67. ஒன்பது ஆண்டுகள் கீழே அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பல்செட் அணிந்தவன். இந்த இரண்டு தொல்லைகளும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஒரு மருந்தகத்தில் செட்டை நான்கு முறை ராவிக் கொடுத்திருந்தார்கள். மற்றொரு மருந்தகத்தில் நான்கு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்கள், வைத்துவிடலாம் என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். முன்பற்கள் ஏன் தேய்கின்றன என்று இரண்டு இடத்திலும் யாரும் பார்க்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பிறகு அரசின் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு செயற்கைப்பல் சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்த பின்புதான், என் முன்னே இருந்த வழிகளை ஒழுங்காக ஒப்பிட முடிந்தது. அந்த ஒப்பீட்டில் நான் கைக்கொண்ட அளவுகோல் ஒன்றே: வாயில் இன்னும் மிஞ்சியிருக்கும் பற்களை இந்த வழி என்ன செய்யும்?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், சுமையும் தாங்கலும் எனக்குப் பழகியவை. இரு முனையிலும் இரும்புத் தாங்கல் உள்ள பலகையில் ஏறி நிற்பது ஒன்று. ஒரு முனை மட்டும் கட்டப்பட்டு, மறுமுனை மெத்தைமேல் கிடக்கும் பலகையில் ஏறி நிற்பது வேறொன்று. 1925இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் கென்னடி பல்லிழப்பை நான்கு வகையாகப் பிரித்தபோது, இருபுறமும் பின்கோடி முழுவதும் காலியாக இருக்கும் வாயை முதல் வகையாக வைத்தார். என் கீழ்த்தாடை அந்த வகை. இத்தகைய செட்டின் முன்பக்கம் கொக்கிகளால் முன்கடைவாய்ப்பற்களைப் பற்றி நிற்கிறது; பின்பக்கம் ஈற்றின்மேல் படுத்திருக்கிறது. எலும்பில் வேர் பதித்த பல், கடிக்கும்போது மிக நுண்ணிய அளவே கீழிறங்கும். ஈறோ அதைவிடப் பல மடங்கு அமுங்கும். ஆகவே ஒவ்வொரு கடிக்கும் செட்டின் பின்கோடி சற்றே கீழே போய் மேலே வருகிறது. கொக்கி பிடித்திருக்கும் பல் நெம்புகோலின் சுழல்முனைபோல் அசைக்கப்படுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை மெல்லுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பல்லின்மீது எனக்கு இரக்கமே வருகிறது.

பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு முதல் ஆண்டில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆயுள் முழுவதும் கரைந்துகொண்டே இருப்பது இதைவிடப் பெரிய காரணம். கீழ்த்தாடையில் இந்தக் கரைவு மேல்தாடையைவிட அதிகம். செட்டு உருவம் மாறாமல் இருக்க, அதன் அடியிலிருக்கும் மேடு தாழ்ந்துபோகிறது. செட்டும் அதனோடு இறங்குகிறது. அக்ரிலிக்கில் செய்த செயற்கைக் கடைவாய்ப்பற்கள் சொந்தப் பல்லைவிட மென்மையானவை, அவையும் தேய்கின்றன. இரண்டும் சேர்ந்தால், வாயை மூடும்போது பின்பற்கள் ஒன்றையொன்று சரியாகத் தொடுவதில்லை. பின்பக்கம் சுமக்க வேண்டிய கடியை முன்பற்கள் சுமக்கின்றன. முன்பற்கள் வெட்டுவதற்கு வாய்த்தவை, அரைப்பதற்கு அல்ல. அரைக்க வைத்தால் தேய்கின்றன. முன்பற்கள் தேய்ந்து குட்டையானால் கடியின் உயரம் மேலும் குறைகிறது, செட்டின்மேல் விழும் சுமையின் கோணம் மாறுகிறது, ஈறு வேறோர் இடத்தில் புண்ணாகிறது. நான்கு முறை ராவியும் என் வலி இடம் மாறியதே தவிரத் தீராததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் தேய்மானம் முழுவதையும் செட்டின் தலையில் கட்டுவதும் தவறு. பல்லும் பல்லும் உராய்வதால் தேய்வது ஒரு வகை. அதில் மேல்பல்லின் தட்டையான பளபளப்பு கீழ்ப்பல்லின் தட்டையான இடத்தோடு பூட்டுப்போல் பொருந்தும். இரவில் தூக்கத்தில் பற்களை நறநறவென்று கடிப்பவர்களிடம் இது மிகுதி. அமிலத்தால் கரைவது இரண்டாவது வகை. அதில் பல் வழவழப்பாகி, மெல்லும் பரப்பில் சிறு குழிகள் விழும், பழைய வெள்ளி நிரப்பிகள் சுற்றியுள்ள பல்லைவிட உயரமாகத் துருத்தி நிற்கும். பல்லின் கடினமான மேலுறையான எனாமல், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால் கரையத் தொடங்குகிறது; எண் குறையக் குறைய புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2க்கும் 3க்கும் இடைப்பட்டவை. மூன்றாவது வகை, கடினமான தூரிகையும் சொரசொரப்பான பற்பொடியும் ஈற்றோரத்தில் வெட்டும் பள்ளம். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கமுள்ள முதியவர்களிடம் பாக்கின் கடினம் தனியே ஒரு தேய்மானத்தை உண்டாக்குகிறது. ஒரே வாயில் இவை கலந்தே இருக்கும். என் வாயில் இரவுப் பற்கடிப்பும் அமிலமும் சேர்ந்திருந்தன. என் மேல் முன்பற்களின் உட்புறம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருப்பதைச் சிறப்பு மருத்துவர் சிறு ஆடியில் காட்டியபோது, ஓய்வு பெற்ற நாளிலிருந்து உணவங்காடி நிலையத்தில் பிற்பகல் முழுவதும் ஒரு பெரிய குவளை ஐஸ் எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டு நண்பர்களோடு அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எத்தனை மணி நேரம் வாயில் புளிப்பு நின்றது என்பதே பல்லைப் பாதிக்கிறது. இதைச் சரிசெய்யாமல் எந்தச் செட்டை வாங்கியிருந்தாலும், எந்தக் கிரவுனை, அதாவது பல்லை மூடும் உறையை, மாட்டியிருந்தாலும், அடுத்த சில ஆண்டுகளில் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

இனி வழிகளுக்கு வருகிறேன். முதலாவது, இருக்கும் செட்டையே செப்பனிடுவது. வலிக்கும் இடத்தைக் குறிபார்த்து ராவுவது புதிய செட்டின் முதல் சில வாரங்களுக்கு ஏற்றது. பழைய செட்டுக்கு அது தற்காலிக ஆறுதலே. செட்டு தளர்ந்து, அடியில் சோற்றுப் பருக்கை புகுகிறது என்றால் தேவைப்படுவது உள்வரி மாற்றுதல், அதாவது ரீலைன். இப்போதைய ஈற்றின் அச்சை எடுத்து, செட்டின் அடிப்பரப்பில் புதிய அக்ரிலிக் அடுக்கைச் சேர்த்து, கரைந்த எலும்பு விட்டுச் சென்ற இடைவெளியை நிரப்புகிறார்கள். புண் ஆறும்வரை மென்மையான பசைபோன்ற பொருளைத் தற்காலிகமாக இட்டு, ஈற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அச்செடுப்பதும் உண்டு. சட்டகம் உறுதியாகவும் செயற்கைப் பற்கள் தேயாமலும் இருந்தால், இந்த வழிக்கு ஈடான சிக்கனம் வேறில்லை. சொந்தப் பல்லைத் தொடுவதே இல்லை. ஆனால் என் செட்டின் பற்கள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. அடியை மட்டும் உயர்த்திப் பயனில்லை. கடையில் விற்கும் ஒட்டும் பசையை மேலும் மேலும் தடவிச் சமாளிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று: பசை தேவைப்படும் அளவு கூடிக்கொண்டே போனால், செட்டு ஈற்றோடு பொருந்தவில்லை என்று பொருள். மருந்தகத்துக்குப் போகும் நாளைப் பசை தள்ளிப்போடுகிறது, அவ்வளவே.

இரண்டாவது வழி புதிய செட்டு. இதில் பொருள்தான் முடிவைத் தீர்மானிக்கிறது, எனவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாதாரண அக்ரிலிக் செட்டு விலை குறைந்தது, செய்வதும் பழுதுபார்ப்பதும் எளிது, நாளை இன்னொரு பல் விழுந்தால் அதில் ஒரு பல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் குறை, அதற்குப் பற்களின்மேல் அமரும் தாங்கல் பெரும்பாலும் இல்லாதது. முழுச் சுமையும் ஈற்றின்மேல் இறங்குவதால், செட்டு தாழத் தாழ அதன் விளிம்பு சொந்தப் பற்களின் கழுத்தோரத்தில் ஈற்றை உரித்துக்கொண்டே போகிறது. உடையாதிருக்கத் தடிமனாகவும், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவில், செய்ய வேண்டியிருப்பதால் நாக்குக்கு இடம் குறைகிறது. விரைவில் விழப்போகும் பற்கள் உள்ளவருக்கும், இடைக்காலத் தேவைக்கும் இது நல்ல தேர்வு. பத்தாண்டு அணிய வேண்டியவருக்கு, அதுவும் இருபுறமும் பின்கோடி காலியாக உள்ள கீழ்த்தாடைக்கு, நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

வளையும் நைலான் செட்டு இப்போது பலரைக் கவர்கிறது. உலோகக் கொக்கி தெரியாது, ஈற்றின் நிறத்திலேயே கொக்கி இருக்கும், மாட்டிய முதல் நாளே மென்மையாக உணரப்படும். என் நண்பர்களில் இருவர் அதை வாங்கினார்கள். சிரிப்பில் உலோகம் தெரியக்கூடாது என்பவருக்கு, ஒன்றிரண்டு பற்களின் இடைவெளிக்கு, அது பொருந்துவதை நான் மறுக்கவில்லை. ஆனால் வளைவது அதன் குணம் என்பதாலேயே சுமையைப் பரப்பிக் கொடுக்க அதனால் இயலாது. அழுத்தும் இடத்திலேயே அழுத்தும். பல்லின்மேல் அமரும் கடினத் தாங்கலும் அதில் இல்லை. ரீலைன் செய்வதும், உடைந்தால் ஒட்டுவதும், சொரசொரப்பானால் மீண்டும் மெருகேற்றுவதும் கடினம். தேய்ந்த பற்களும் கரையும் எலும்பும் உள்ள வாய்க்கு அடிக்கடி ரீலைன் தேவைப்படும் என்பதால், முதல் நாளின் மென்மைக்காக இதை எடுப்பது பிற்பாடு இடர் தரும்.

கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டகச் செட்டு விலை கூடியது. செய்ய அதிக வருகைகளும் தேவை. முன்கூட்டியே சொந்தப் பற்களின் மேற்பரப்பில் சிறிய பள்ளங்கள் செதுக்க வேண்டும். அந்தப் பள்ளங்களில் உலோகத் தாங்கல்கள் அமர்கின்றன. இந்தத் தாங்கல்தான் விலைக்கான நியாயம் என்பது என் கருத்து. சுமையின் ஒரு பகுதி பல்லின் வேர் வழியே, அதன் நீளவாட்டத்தில், எலும்புக்குப் போகிறது. செட்டு ஈற்றைக் கிழித்துக்கொண்டு தாழ்வது தடைபடுகிறது. சட்டகம் அரை மில்லிமீட்டர் அளவில் மெல்லியதாக இருந்தாலும் உறுதியாக இருப்பதால், ஈற்றோரங்களை மூடாமல் விட்டுவிடலாம். அழுக்கு தங்குவது குறையும். தாங்கலைக் கொக்கிப் பல்லின் முன்பக்கத்தில் வைத்து, பின்கோடி அமுங்கும்போது கொக்கி பல்லைப் பற்றி இழுக்காமல் விலகிக்கொள்ளும்படி வடிவமைக்கும் முறைகளும் உள்ளன. என் போன்ற முதல் வகை வாய்க்கு அந்த வடிவமைப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது அவசியம். குறைகள் இல்லாமலில்லை. கொக்கி தெரியலாம், புதிதாகப் பல் சேர்ப்பது அக்ரிலிக் அளவுக்கு எளிதன்று, உலோக ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். பின்கோடி அப்போதும் ஈற்றின்மேல்தான் கிடக்கிறது, ஆகவே ரீலைன் தேவை ஒழிவதில்லை.

புதிய செட்டு எதுவானாலும், அதில் வைக்கும் பல் எதனால் ஆனது என்பதையும் கேட்க வேண்டும். பீங்கான் பல் எளிதில் தேயாது. ஆனால் எதிரே உள்ள சொந்தப் பல்லை அது அரைத்துவிடக்கூடும். அக்ரிலிக் பல் தான் தேய்ந்து எதிர்ப்பல்லைக் காக்கும். ஆனால் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். எனக்கு எதிரே மேலே இருப்பவை சொந்தப் பற்கள். மாற்றக்கூடியது தேயட்டும் என்றே நான் முடிவு செய்தேன்.

மூன்றாவது வழி பாலம், அதாவது பக்கத்துப் பற்களைத் தூணாகக் கொண்டு நிலையாக ஒட்டப்படும் செயற்கைப் பல். அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை, ஏனெனில் அதற்குப் பொதுவாக இருபுறமும் தூண் வேண்டும். பின்கோடியில் தூணே இல்லாத வாயில் பாலம் கட்ட இயலாது. நடுவில் ஒரு பல் மட்டும் இல்லாதவருக்கு, அதுவும் இருபக்கப் பற்களும் ஏற்கெனவே பெரிய நிரப்பிகளோடு பலவீனமாக இருந்தால், பாலம் செட்டைவிட வசதி. பக்கத்துப் பற்கள் பழுதில்லாதவை என்றால் அவற்றைச் சுற்றிலும் ராவிக் கிரவுன் மாட்டுவதற்கு நான் தயங்குவேன். உட்புறத்தில் மட்டும் ஒட்டவைக்கும் பாலம் அத்தகையவர்களுக்கு உண்டு. பற்கடிப்பு உள்ளவர்களுக்கு அந்த ஒட்டு விட்டுப்போகும் வாய்ப்பு கூடுதல்.

நான்காவது இம்ப்ளான்ட். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு டைட்டானியம் வேர்களைப் பதித்தார். எலும்பு டைட்டானியத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்வதை அவர் அதற்கு முன்பே முயல்களின் எலும்பில் கண்டிருந்தார். பிணைப்புக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நல்ல எலும்பும் நல்ல பராமரிப்பும் உள்ளவர்களிடம் பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை நிலைக்கின்றன. பக்கத்துப் பற்களை ராவ வேண்டாம், கொக்கியும் வேண்டாம். என் அளவுகோலில் இதற்கு உயர்ந்த இடமே கிடைக்கிறது. இருந்தும் நான் ஏன் நான்கு இம்ப்ளான்ட் யோசனையை ஏற்கவில்லை? சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெத்தைபோன்ற இழைகள் உள்ளன. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதை மூளைக்குச் சொல்பவையும் அவையே. இம்ப்ளான்ட்டுக்கு அந்த இழைகள் இல்லை. இரவில் பற்கடிப்பவர் அதன்மேல் செலுத்தும் விசை கட்டுப்பாடின்றி இறங்கி, திருகு தளர்வதற்கும் பீங்கான் உடைவதற்கும் இடமாகிறது. என் தேய்மானத்தின் காரணத்தைப் பார்க்காமலேயே இம்ப்ளான்ட் வைக்கச் சொன்னதுதான் எனக்கு மனவருத்தம். புகைப்பழக்கமும் கட்டுக்கடங்காத நீரிழிவும் தோல்வியின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கீழ்த்தாடையின் பின்பகுதியில் எலும்பு மிகவும் தாழ்ந்திருந்தால் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அருகே வந்துவிடுகிறது. இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒன்று இருப்பதையும் பலர் அறிவதில்லை: பின்கோடியில் பக்கத்துக்கு ஒரேயொரு இம்ப்ளான்ட்டைப் பதித்து, அதன்மேல் கழற்றும் செட்டை அமர்த்தலாம். பலகையின் மறுமுனைக்கும் ஒரு தாங்கல் கிடைத்துவிடுகிறது. சட்டகச் செட்டு எனக்குப் போதாமல் போனால் அடுத்து நான் போகும் இடம் அதுவே.

ஐந்தாவது வழியை எந்த விலைப்பட்டியலிலும் காணமுடியாது: இடைவெளியை அப்படியே விட்டுவிடுவது. நெதர்லாந்தின் நைமேகன் நகரைச் சேர்ந்த ஆர்ன்ட் கைசர் 1981இல், முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் ஒழுங்காகச் சந்திக்கும் வாயில் பின்கடைவாய்ப்பற்கள் இல்லாவிட்டாலும் பெரும்பாலோர் போதிய அளவு மென்று உண்ண முடிகிறது என்று எடுத்துரைத்தார். ஏறத்தாழ இருபது பற்கள் என்பது அந்தக் கணக்கு. ஜப்பானில் 1989இல் தொடங்கிய, 80 வயதில் 20 பற்கள் என்னும் இயக்கமும் அதே எண்ணைத்தான் பிடித்தது. செட்டு அணிந்தால் அழுக்கு தங்கி மற்றப் பற்கள் கெடும் என்ற நிலையில் உள்ள முதியவருக்கு, அணியாமலிருப்பது புறக்கணிப்பு ஆகாது. யோசித்து எடுத்த மருத்துவ முடிவாகவே அதைக் கொள்ள வேண்டும். ஆனால் ஈறு நோயால் பற்கள் ஆடுபவர்களுக்கும், பற்கடிப்பாலும் தேய்மானத்தாலும் அவதிப்படுபவர்களுக்கும் இது பொருந்தாது. ஆகவே எனக்கு இல்லை.

என் அக்காவுக்கு இது பொருந்தியது. அவருக்கு 78 வயது, யீஷூனில் இருக்கிறார். மேலே இடப்புறம் இரண்டு கடைவாய்ப்பற்கள் இல்லை. கீழே உலோகச் சட்டகச் செட்டு. இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் உண்ணும் மாத்திரைகளால் வாய் எப்போதும் வறண்டு கிடக்கிறது. எச்சில் குறைந்தால் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. செட்டு உரசாமல் ஈற்றில் ஒட்டி நிற்க ஈரமும் இல்லை. கொக்கி உரசும் பல்லின் வேர்ப்பகுதி எளிதில் சொத்தையாகிறது. எலும்பு மெலிவுக்காக அவர் வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினாலோ இம்ப்ளான்ட் பதித்தாலோ தாடை எலும்பு ஆறாமல் அழியும் ஆபத்து அரிதாக உண்டு. மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது. பல் மருத்துவரிடம் முதல் வருகையிலேயே சொல்லிவிட வேண்டும். அக்காவின் பிள்ளைகள் அன்போடு இம்ப்ளான்ட்டுக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். மருத்துவரோ மேலே உள்ள இடைவெளியை விட்டுவிடவும், கீழ்ச்செட்டை ரீலைன் செய்யவும், ஃபுளோரைடு அடர்த்தி மிகுந்த பற்பசை பயன்படுத்தவும் சொன்னார். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி.

தேய்ந்த முன்பற்களை என்ன செய்வது என்பது செட்டிலிருந்து பிரிக்க முடியாத கேள்வி. கிரவுன் மாட்டலாம், உறுதியானது. ஆனால் ஏற்கெனவே குட்டையான பல்லை இன்னும் ராவ வேண்டும், சில நேரங்களில் வேர் சிகிச்சையும் தேவைப்படும். பல் நிறத்து நிரப்புப் பொருளான ரெசினை, பல்லை ராவாமல் மேலே ஒட்டி உயரத்தைக் கூட்டுவது மற்றொரு வழி; அது சிதறும், நிறம் மங்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிசெய்ய வேண்டும். ஆனாலும் பல்லில் எதுவும் இழக்கப்படுவதில்லை. நார்வேயைச் சேர்ந்த பியோர்ன் டால் 1975இல் விவரித்த ஒரு முறை இங்கே சுவையானது: முன்பற்களை மட்டும் உயர்த்திவிட்டால், தற்காலிகமாகச் சந்திக்காமல் நிற்கும் பின்பற்கள் சில மாதங்களில் தாமாகவே வளர்ந்து மீண்டும் சந்தித்துக்கொள்கின்றன. சொந்தப் பின்பற்கள் உள்ள இளையவர்களுக்கு இது பெரிய வரம். என் வாயில் கீழே பின்பற்கள் இல்லாததால், உயர்த்திய கடிக்குத் தகுந்த உயரத்தில் செட்டைச் செய்துகொள்வதே வழி. ஆகவே வரிசை முக்கியம். முதலில் ரெசினால் முன்பற்களை உயர்த்தி, பழைய செட்டின் பற்களின்மேலும் அக்ரிலிக் சேர்த்து, புதிய உயரத்தில் சில மாதங்கள் சாப்பிட்டுப் பேசிப் பார்த்த பின்பே உலோகச் சட்டகத்துக்கு அச்செடுத்தார்கள். முதலில் விலையுயர்ந்த செட்டைச் செய்துவிட்டுப் பிறகு முன்பற்களைத் தொட்டிருந்தால், செட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

செலவைப் பேசாமல் இருக்க முடியாது. தனியார் மருந்தகங்களில் ஒரு இம்ப்ளான்ட்டுக்கே பல ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி ஆகிறது. அதன் அறுவை சிகிச்சைப் பகுதிக்கு, மருத்துவச் செலவுக்கென நம் பெயரில் சேரும் மெடிசேவ் சேமிப்பிலிருந்து வரம்புக்குட்பட்டு எடுக்கலாம். கழற்றி மாட்டும் செட்டு அறுவை சிகிச்சை அன்று, அந்த வகையில் அதற்கு எடுக்க முடியாது. இதனால் சிலர், கையிலிருந்து கொடுக்க வேண்டிய ரொக்கத்தை மட்டும் ஒப்பிட்டு இம்ப்ளான்ட் பக்கம் சாய்கிறார்கள். மெடிசேவும் நம் பணம்தான். மறுபக்கம், மருந்தகச் செலவுக்கு அரசு உதவும் சாஸ் (CHAS) திட்டத்தில், வருமானத்தைப் பொறுத்து வழங்கப்படும் நீல, ஆரஞ்சு அட்டைக்காரர்களுக்கும், 1950க்கும் 1959க்கும் இடையே பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கும், அவர்களுக்கு மூத்த முன்னோடித் தலைமுறையினருக்கும் பகுதிச் செட்டு, ரீலைன், பழுதுபார்ப்பு, கிரவுன் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு, இம்ப்ளான்ட்டுக்கு இல்லை. பச்சை அட்டை மட்டும் வைத்திருப்பவருக்குப் பல் சிகிச்சைக்கு உதவித்தொகை கிடையாது. தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே வரவேற்பு மேசையில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பலதுறை மருந்தகத்தின் வழியாகச் செல்லும் சலுகைச் சிகிச்சையில் காத்திருப்பு நீளம். வலி தாங்க முடியாதவருக்கு அந்தக் காத்திருப்பு கொடுமை என்பதை நான் அறிவேன். ஆனால் தேய்மானம் ஆண்டுக்கணக்கில் நடப்பது, காத்திருக்கும் மாதங்களில் புளிப்பைக் குறைத்து, புண்ணை ஆறவிட்டு, ரீலைன் செய்துகொண்டு ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். ஈற்றில் ஆறாத புண் இரண்டு வாரங்களைத் தாண்டினால் மட்டும் எந்த வரிசைக்கும் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். செட்டு உரசியதாகத் தோன்றும் எல்லாப் புண்ணும் செட்டால் வந்தவை அல்ல.

கடைசியாக ஒரு முரண்பாட்டைக் குறிப்பிட வேண்டும். இரவில் செட்டைக் கழற்றி வைப்பது ஈற்றுக்கு மிக நல்லது; கழற்றாமல் தூங்குபவர்களுக்குச் செட்டின் அடியில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்து ஈறு சிவந்து எரிவது வழக்கமான தொல்லை. ஆனால் பற்கடிப்பவர் செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்கினால், இரவின் விசை முழுவதும் மிஞ்சியுள்ள முன்பற்களின்மேல் விழுகிறது. நான் ஒழுங்காகச் செட்டைக் கழற்றி வைத்த ஒன்பது ஆண்டுகளும் என் முன்பற்கள் இதனால்தான் தனியே அடி வாங்கின. இப்போது மேல்பற்கள் முழுவதையும் மூடும் கடினமான அக்ரிலிக் இரவுக்காப்பு ஒன்றை அணிகிறேன். ரெசின் ஒட்டிய பற்கள் நிலைப்பதற்கும் இதுவே காவல். செட்டை இரவில் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். கொதிநீர் அக்ரிலிக்கை வளைத்துவிடும், பற்பசை அதைக் கீறிவிடும், வெளுப்பான் உலோகத்தை அரித்துவிடும், ஆகவே மென்மையான சோப்பும் தூரிகையும் போதும்.

புதிய செட்டு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. புண் இல்லை. இடப்புறத்தில் ரொட்டி பராட்டாவை மென்று உண்ண முடிகிறது. முறுக்கையும் வறுத்த கச்சான் கடலையையும் இன்னும் தொடுவதில்லை, தொடவும் எண்ணமில்லை. எலுமிச்சைச் சாற்றை உணவோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கிறேன். அடுத்த அரைமணி நேரம் பல் துலக்குவதில்லை. சிகிச்சை தொடங்கிய அன்று மருத்துவர் என் பற்களின் சாந்து அச்சு இரண்டு எடுத்து, ஒன்றை என் கையில் கொடுத்தார். ஆண்டுக்கு ஒருமுறை புதிய அச்சை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தேய்மானம் நின்றதா, தொடர்கிறதா என்று தெரியும். அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்.